துப்பாக்கியின் விலை

குறைந்த விலையில் நல்ல பொருளைத் தேர்ந்தெடுப்பது ஒரு கலை. மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்கிறான். வெண்கலப் பாத்திரம் வாங்குகிறவள் விரலால் தட்டி ஓசையைக் கேட்கிறாள். கிதாபு வாங்கும் மாணவன் தாளையும் தையலையும் புரட்டிப் பார்க்கிறான். ஆனால் உயிரைப் போக்கும் கருவி ஒன்றை வாங்க வருகிறவன் எதைத் தட்டிப் பார்ப்பான்? நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தக் கேள்வி வருமென்று நான் எண்ணியதே இல்லை. வந்தது. வந்தபின் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை.

கேட்டவர் என் பழைய மாணவர். பதினான்கு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர். சிறுவாச்சூருக்கு மேற்கே, பச்சைமலை நீல நிறமாகத் தெரியும் பக்கத்தில், நான்கு ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கி மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிற்று. ஒரே இரவில் அரை ஏக்கர் சாய்ந்து கிடந்தது. பன்றி தின்றது கொஞ்சம். மிதித்து முறித்தது அதிகம்.

“அசரத்து, ரெண்டு லட்சத்துக்குள்ள ஒரு நல்ல ரைபிள் வாங்கிடலாம்னு இருக்கேன். மார்க்கத்துல தடை ஒண்ணும் இல்லையே?” என்றார் அவர். கைப்பேசியில் அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளின் படங்களை வரிசையாகக் காட்டினார். அவர் கேட்டது மார்க்கம் பற்றிய கேள்வி மட்டுமே. ஆனால் பொருளின் தன்மை தெரியாமல் மஸ்அலா சொல்வது எங்கள் உஸ்தாதுமார்கள் எங்களுக்குக் கற்றுத் தந்த முறையன்று. எனவே பொருளை முதலில் அறிய முற்பட்டேன்.

அவர் விரும்பியது போல்ட் ரைபிள். கதவின் தாழ்ப்பாளை நினைத்துக் கொண்டால் அதன் அமைப்பு விளங்கும். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னுக்குத் தள்ளிக் கீழே அழுத்தினால் புதுத் தோட்டா அறைக்குள் சென்று தாழ் விழும். ஜெர்மானியரின் 1898ஆம் ஆண்டு மவுசர் துப்பாக்கியும், ஆங்கிலேயர் 1895இல் ஏற்றுக் கொண்ட லீ என்ஃபீல்டும் இந்த இனத்தின் இரண்டு பெரிய குடும்பங்கள். உறுப்புகள் குறைவு, பழுது குறைவு, குறி தவறுவதும் குறைவு. அதனால்தான் சிக்கனமாக வாங்க நினைக்கும் வேட்டைக்காரர்கள் உலகெங்கும் இதையே நாடுகிறார்கள்.

நம் நாட்டிலோ தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதி பொதுமக்களுக்கு அடைபட்டுப் போனது. அதற்கு முன் வந்து சேர்ந்த சீமைத் துப்பாக்கிகள் கை மாறும்போது அவற்றின் தரத்தைவிட அருமைக்கே விலை பேசப்படுகிறது. என் மாணவர் கைப்பேசியில் பார்த்த துப்பாக்கி எதுவும் பெரம்பலூர்க்காரருக்குக் கிட்டாது. வங்காளத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் புள்ளி 315 ரைபிள்தான் இங்கே நடுத்தரக் குடும்பத்தானின் போல்ட் ரைபிள். லீ என்ஃபீல்டின் வழிவந்தது. குழலின் விட்டம் எட்டு மில்லிமீட்டர். படைகளின் புள்ளி 303 தோட்டா குடிமக்கள் கையில் இருக்கலாகாது என்று ஆங்கிலேய அரசு தடுத்ததால் பிறந்த அளவு அது. அரசு தடுத்ததிலிருந்து ஒரு சரக்கு பிறந்து, அந்த அரசு போன பின்னும் நிலைத்துவிட்டது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளான போது, இச்சாப்பூரும் நம் திருச்சித் தொழிற்சாலையும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன.

பழைய ரைபிள் வாங்குவதானால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று, துப்பாக்கி பழுது பார்ப்பதில் கை தேர்ந்த முதியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னவை எனக்குப் பாடம் போல் இருந்தன. மேற்பூச்சைப் பாராதே, குழலுக்குள்ளே பார்; திருகாக ஓடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, துரு அரித்த குழிகள் உள்ளனவா என்று பார். குழல் வாயின் விளிம்பு தேய்ந்திருந்தால் குறி நிற்காது. போல்ட்டில் வெட்டிய எண்ணும் உடலில் வெட்டிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டியிருந்தால் தோட்டா அறையில் இடைவெளி தப்பி, வெடிப்பு சுடுகிறவன் முகத்துக்கே திரும்பக் கூடும். கட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார். கடைசியாக, தோட்டா கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்று கேள். தோட்டா கிடைக்காத துப்பாக்கி வெறும் கைத்தடி. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர், “இதெல்லாம் இருக்கட்டும், எதைச் சுடப் போறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் விஷயத்தின் மையம்.

சட்டத்தைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அதற்கென அது சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாத இடத்தில், உள்ளே வரியில்லாத வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கியை. ரைபிள் அந்த வரிசையில் இல்லை. ரைபிளுக்கு உரிமம் கேட்பவர் தக்க காரணம் காட்டி அதிகாரியை நிறைவு செய்ய வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. இது ஒரு வாசல்.

இரண்டாவது வாசல் இதைவிடக் குறுகியது. துப்பாக்கி வைத்துக் கொள்ள உரிமம் இருப்பதும், விலங்கைச் சுட உரிமை இருப்பதும் ஒன்றல்ல. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், அதிலும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், விளையாட்டு வேட்டை என்பது இந்நாட்டில் இல்லை. காட்டுப்பன்றியும் அச்சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பயிருக்கு ஊறு செய்யும் விலங்கைக் கொல்ல, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் ஆணையிட வேண்டும். கேரளம் 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் வரை இறக்கியது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறை வேறு: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற அரசுப் பணியாளர்களே. ஆகவே என் மாணவர் இரண்டு லட்சம் கொடுத்து ரைபிள் வாங்கினாலும், பன்றி எதிரே வந்து நின்றால் அவர் அதைப் பார்த்துக் கொண்டுதான் இருக்க வேண்டும். தன் உயிரைக் காத்துக் கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் மட்டும் குற்றமில்லை.

சட்டம் கிடக்கட்டும், நிலம் என்ன சொல்கிறது? எங்கள் பக்கம் பெரும்பாலும் சமதரை. மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். பன்றி வருவது இரவில். நாட்டுத் துப்பாக்கியின் ரவை சில நூறு மீட்டருக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். ரைபிள் குண்டோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிரைப் பறிக்கும். தட்டைக்குள் அசைந்தது பன்றியா, பக்கத்துக் கொல்லையில் காவலுக்குப் படுத்து எழுந்து நடக்கும் மனிதரா? திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மதுரகாளியம்மன் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையோ இரவிலும் ஓய்வதில்லை. ரைபிளின் நெடுந்தூர வீச்சும் வலுவும் மலைச்சரிவில் சிறப்புகளாக இருக்கலாம். நான்கு ஏக்கர் கொல்லையில் அவை குற்றங்கள்.

இனி மார்க்கத்துக்கு வருகிறேன். துப்பாக்கியை அரபியர் ‘புந்துகிய்யா’ என்கிறார்கள். ‘புந்துக்’ என்பது பழைய நாளில் வில்லில் வைத்து எய்த மண்ணுருண்டை. நம் ‘துப்பாக்கி’யோ துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல். ஃபிக்ஹு நூல்களில் வேட்டைப் பாடத்தில் இந்தப் புந்துக் வருகிறது. கூர்முனையால் கிழித்துக் கொல்வது வேறு, கனத்தால் மோதிக் கொல்வது வேறு; மோதி இறந்தது ‘மவ்கூதா’, உண்ணத் தகாதது என்று இமாம்கள் பிரித்தார்கள். ரைபிள் தோன்றிய பின் அதன் குண்டு எந்த வகை என்று கருத்து வேறுபட்டது. துளைத்துச் செல்வதால் கூடும் என்றார் யமன் நாட்டு இமாம் ஷவ்கானி. உயிரோடு கிடைத்து அறுத்தாலன்றிக் கூடாது என்றோர் பலர். பன்றி விஷயத்தில் இந்த விவாதத்துக்கே இடமில்லை, அது எப்படி இறந்தாலும் நமக்கு உணவில்லை. அங்கே எஞ்சுவது, தீங்கை நீக்கலாமா என்ற ஒரே கேள்வி. நீக்கலாம். ஆனால் ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கால் நீக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரலிடுக்கில் கல் வைத்துச் சுண்டுவதையே தடுத்தார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. அது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவனையும் தடுக்காது. பல்லை உடைக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பது காரணம். பயனில்லாமல் அயலாருக்கு ஆபத்து மட்டும் தரும் கருவியின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. சிறு கல்லுக்கு அந்த அளவுகோல் என்றால், இருள் சூழ்ந்த சோளக்கொல்லையில் ரைபிளுக்கு என்ன அளவுகோல்? மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி விடுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் அதே அளவில் வைக்கத் தக்கவை. பன்றிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் மாண்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த மாடுகளும் உண்டு.

இந்த மாவட்டத்தில் துப்பாக்கியை நன்கு அறிந்தவர்கள் நரிக்குறவர்களே. எறையூரிலும் மலையப்ப நகரிலும் அவர்கள் வாழ்கிறார்கள். காடையும் கௌதாரியும் சுட்டுப் பிழைத்த அந்த மக்களின் தொழிலை 1972ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்திற்று. தலைமுறைகளாகக் கற்ற வித்தையை அவர்கள் கீழே வைத்துவிட்டு ஊசிமணி, பாசிமணிக்கு மாறினார்கள். பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்ந்தது 2023இல்தான். குறி தவறாதவர்களே துப்பாக்கியை இறக்கி வைத்த மண்ணில், குறி பார்க்கவே இனித்தான் கற்க வேண்டிய ஒருவர் அதைத் தூக்குவானேன்?

இவற்றையெல்லாம் என் மாணவரிடம் சொன்னேன். அவருக்கு உடனே மனம் ஒப்பவில்லை. “அப்ப என் சோளத்துக்கு யார் பொறுப்பு, அசரத்து?” என்றார். நியாயமான கேள்வி, அதற்குத் துப்பாக்கி வியாபாரியிடமும் பதில் இல்லை, என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஆனால் அடுத்த வாரமே அவரும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் அறுவரும் கூடி வனத்துறைக்கு ஒரே மனுவாக எழுதிக் கொடுத்தார்கள். எழுதித் தந்தவன் நான். இழப்பீட்டுக்குப் படத்தோடு விண்ணப்பம் போட்டார்கள். ரைபிளுக்கென எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதி கம்பிவலை வேலியாயிற்று. இரவுக்கு இருவர் என்று முறை வைத்துத் தகர டின்னும் டார்ச் விளக்குமாகக் காவல் இருந்தார்கள். பன்றி வராமல் இல்லை, வந்தது. வேலியில்லாத மூலையில் ஓர் இருபது சென்ட் போயிற்று. மற்றது வீடு வந்து சேர்ந்தது.

விலை குறைந்த துப்பாக்கி எது என்று இன்று என்னை யாராவது கேட்டால், இச்சாப்பூர் ரைபிளின் குழலையும் போல்ட்டையும் எப்படிப் பார்ப்பது என்று தயங்காமல் சொல்வேன். அதோடு, அந்த முதியவரின் கேள்வியையும் சேர்த்தே கேட்பேன். கடைக்காரர் சீட்டில் எழுதும் தொகை துப்பாக்கியின் முதல் தவணைதான். மீதித் தவணை, அதன் குண்டு போய் நிற்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கட்ட நேர்ந்தால் எந்தச் சேமிப்பும் போதாது.