30 செகண்ட் மர்மம்!

லேப்ல கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குள்ள வரமாட்டேங்குதுன்னா நாம முதல்ல யாரைத் திட்டுவோம்? கேபிளை. அடுத்து, நெட்வொர்க் கார்டை. அதுவும் தப்பிச்சா, லேப்ல வேலை பார்க்கிறவங்களை! இந்த லீவுல கூடுவாஞ்சேரியில ஒரு சின்ன நெட்வொர்க் கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்றேன். அங்கே இந்த மூணு பேருக்கும் ஜாமீன் கிடைச்ச கதை இது, ஃப்ரெண்ட்ஸ்.

பக்கத்துலயே ஒரு பயிற்சி மையம். 40 சிஸ்டம். பழைய ஸ்விட்ச்சைத் தூக்கிட்டு, புதுசா மேனேஜ்டு ஸ்விட்ச் போட்டிருந்தாங்க. அன்னியிலேருந்து தலைவலி. சிஸ்டத்தை ஆன் பண்ணினா கார்டுல லைட் எரியும், ஐ.பி. அட்ரஸ் மட்டும் வராது. 169.254-ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பரைத் தானே போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். மாதிரித் தேர்வுக்கு வந்த பசங்க லாகின் ஆக முடியாம முழிக்க, பழி விழுந்தது லேப் அக்கா மேல. அவங்களுக்கு கான்ட்ராக்ட் வேலை. 'நீங்கதான் எதையோ மாத்திட்டீங்க'ன்னு மெமோ ரெடி. கூடவே 40 புது கார்டுக்கு கொட்டேஷனும் கேட்டாச்சு!

எங்க சீனியர் அண்ணா வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "எவ்ளோ நேரம் லேட் ஆகுதுன்னு யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கலை. ஒரு சிஸ்டத்துக்கு நாமளே ஐ.பி. கொடுத்து, விடாம 'பிங்' அடிக்க விட்டோம். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினதும் நான் செல்லுல ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினேன். 30 செகண்ட் கழிச்சு பதில் வந்துச்சு. அடுத்த சிஸ்டம், அதே 30. அதுக்கடுத்ததும் 30!

"கெட்டுப்போன கார்டுக்கு டைம்டேபிள் கிடையாது தம்பி. யாரோ உள்ளே உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருக்காங்க"ன்னார் அண்ணா.

அடுத்து, சிஸ்டத்துக்கும் பெரிய ஸ்விட்ச்சுக்கும் நடுவுல ஒரு சாதா அஞ்சு போர்ட் ஸ்விட்ச்சை மாட்டி ரீஸ்டார்ட் பண்ணினோம். உடனே ஐ.பி. வந்துடுச்சு! சிஸ்டம் ஆஃப் ஆனாலும் குட்டி ஸ்விட்ச் விழிச்சுக்கிட்டே இருக்கே... அதனால பெரியவர் மறுபடி முதல்லேருந்து எண்ணலை. கார்டு நிரபராதி.

எண்ணினது யாருன்னா, ஸ்பேனிங் ட்ரீ. 1985-ல டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன்ல ரேடியா பெர்ல்மன் கண்டுபிடிச்சது. ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல ரெண்டு கேபிள் சேர்ந்துட்டா, ஹாஸ்டல் வதந்தி மாதிரி ஆயிடும். நான் உனக்குச் சொல்ல, நீ அவனுக்குச் சொல்ல, அது திரும்ப எங்கிட்டயே வரும். ஈதர்நெட் பாக்கெட்டுக்கு எக்ஸ்பைரி டேட் கிடையாது, சுத்திக்கிட்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஒரு போர்ட் உயிர் பெத்ததும் 15 செகண்ட் ஒட்டுக்கேட்டு, 15 செகண்ட் கத்துக்கிட்டு, அப்புறம் கதவைத் திறக்குது. நம்ம சிஸ்டம் அந்த மூடின கதவு முன்னாடி நின்னு 'ஐ.பி. கொடு'ன்னு கத்திப் பார்த்துட்டு, ஓய்ஞ்சுபோய் 169.254-க்கு மாறிடுது. அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் விண்டோஸ் மறுபடி கேட்கும்.

2001-ல வந்த ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீயில ஸ்விட்ச்சும் ஸ்விட்ச்சும் பேசி சீக்கிரம் முடிச்சுக்கும். ஆனா, அந்தப் பாஷை சிஸ்டத்துக்குத் தெரியாதே!

"அப்போ அந்த எழவை ஆஃப் பண்ணிடுங்க"ன்னார் மேனேஜர். அண்ணா பாஸ்டன் கதையைச் சொன்னார். 2002 நவம்பர்ல அங்கே பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியோட நெட்வொர்க், ஸ்பேனிங் ட்ரீ தாங்குற அளவைத் தாண்டி வளர்ந்து, பாக்கெட் சுத்திச் சுத்தி, சுமார் நாலு நாள் படுத்துடுச்சு. டாக்டர்களெல்லாம் பேப்பர், பேனாவுக்குத் திரும்பினாங்க. மேனேஜர் கப்சிப்!

நாங்க செஞ்சது இதுதான். சிஸ்டம் மாட்டியிருக்கிற 40 போர்ட்டை மட்டும் 'எட்ஜ் போர்ட்'னு அறிவிச்சோம். சிஸ்கோ ஸ்விட்ச்சுல இதுக்குப் பேரு போர்ட்ஃபாஸ்ட். கூடவே 'பி.பி.டி.யூ. கார்ட்'. யாராவது அந்தப் போர்ட்டுல ஸ்பேனிங் ட்ரீ பேசுற இன்னொரு ஸ்விட்ச்சை மாட்டினா, போர்ட் தானே மூடிக்கும். ஸ்விட்ச்சுகளுக்கு நடுவுல இருக்கிற போர்ட்டுல கையே வைக்கலை.

செலவு? பூஜ்யம். கொட்டேஷன் கேன்சல், மெமோவும் கேன்சல். லேப் அக்கா டீயோட பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தாங்க.

உங்க லேப்லயும் இப்படி ஒரு லேட் பேர்வழி இருக்கா? ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் தேடுங்க பாஸ்... முதல்ல வாட்ச்சைப் பாருங்க!