சிறப்புத் தேவையுள்ள சிறார்க்கு வாழ்க்கைக் கணிதம்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதும் ஆசிரியர்கள் தமிழின் தொன்மையையோ, புலம்பெயர் மண்ணில் அதன் எதிர்காலத்தையோ பொருளாகக் கொள்வது வழக்கம். அவை பற்றித் திறம்பட எழுதவல்லார் எமது பள்ளியில் பலர் உளர். நாம் தாயகத்தில் கணித ஆசிரியராகப் பணியாற்றி, 2010ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு அகதியாக வந்து, இன்று ரொறன்ரோவில் வார இறுதிகளில் தமிழ் கற்பித்து வருகின்றோம். கணிதமும் தமிழும் சந்திக்கின்ற இடத்தில் நின்று, நம் சமூகம் உரக்கப் பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றிச் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விழைகின்றோம். ஏனைய பிள்ளைகளைப் போல விரைவில் கற்க இயலாத, ஆரம்ப வகுப்புகளிற் பயிலும் சிறப்புத் தேவையுள்ள சிறார்க்குக் கணிதத்தில் எத்தகைய இலக்குகளை வகுக்க வேண்டும் என்பதே அப்பொருள்.

ஒவ்வோர் ஆண்டும் எமது வகுப்புகளுக்கு இத்தகைய பிள்ளைகள் ஓரிருவர் வந்து சேர்கின்றனர். ஓட்டிசம் உடையோர், டவுண் சிண்ட்ரோம் உடையோர், கற்றல் இடர்ப்பாடு உடையோர் என அவர்கள் பலதிறப்பட்டவர்கள். முதல் நாளன்று பெற்றோர் எம்மைத் தனியே அழைத்து, "மாஸ்ரர், இவனுக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் விளங்கும். மற்ற ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று தாழ்ந்த குரலிற் கூறுவர். எண்ணுக்கும் எழுத்துக்கும் பெருமதிப்பளித்து, பரீட்சைப் பெறுபேற்றைக் குடும்ப கௌரவமாகக் கருதி வாழ்ந்த சமூகம் நமது. அதனாலேயே அவர்களது குரல் தாழ்கின்றது என்பதை நாம் அறிவோம்.

தாயகத்திலும் சிறப்புக் கல்வி முற்றாக இல்லாதிருந்ததன்று. செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குக் கல்வியூட்டிய கைதடி நவீல்ட் பாடசாலையை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். ஆயினும் விளங்கிக்கொள்வதில் மெதுவான பிள்ளைக்குப் பெரும்பாலும் கடைசி வாங்கே கிடைத்தது. இல்லையேல் வீட்டு முற்றமே அவனது வகுப்பறையாயிற்று. வன்னியில் இடம்பெயர்ந்த மக்களுக்காக மரநிழலிற் பாடசாலை நடத்திய காலத்தில் அத்தகைய சிறுவன் ஒருவனை நாம் அறிந்திருந்தோம். கரும்பலகையில் எழுதும் கூட்டற் கணக்கு எதுவும் அவனுக்கு வராது. ஆனால் மாலையில் ஆடுகளைப் பட்டிக்குத் திருப்பிக் கொண்டு வரும்போது ஓர் ஆடு குறைந்தாலும் வாசலிலேயே நின்றுவிடுவான். அவனிடம் கணிதம் இருந்தது. அதனைக் கண்டு, அதிலிருந்து அடுத்த படியை அமைக்கும் ஒழுங்குதான் அன்றைய கல்விமுறையில் இருக்கவில்லை.

இந்நாட்டில் அந்த ஒழுங்கு சட்டமாகவே உள்ளது. சிறப்புத் தேவையுள்ள மாணவர்க்குரிய கல்வியை வழங்குவது பாடசாலைச் சபைகளின் கடமை என 1980ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் மூலம் ஒன்ராறியோ மாகாணம் விதித்தது. இனங்காணல், இடமளித்தல், மீளாய்வு ஆகியவற்றுக்கான ஐ.பி.ஆர்.சி. எனும் குழுவின் நடைமுறைகளை 1998ஆம் ஆண்டின் 181ஆம் இலக்க ஒழுங்குவிதி வரையறுக்கின்றது. பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால் அதிபர் அக்குழுவுக்குப் பிள்ளையை அனுப்பியே ஆகவேண்டும். அக்கூட்டத்துக்குத் தமக்குத் துணையாகப் பேசவல்ல ஒருவரைப் பெற்றோர் அழைத்துச் செல்லலாம். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வியில் இடம் வழங்கப்பட்டு 30 பாடசாலை நாட்களுக்குள் ஐ.ஈ.பி. எனப்படும் தனியாள் கல்வித் திட்டம் ஆயத்தமாக வேண்டும். அதனை வரையும்போது பெற்றோரின் கருத்துக் கேட்கப்பட வேண்டும். வரைந்தபின் பிரதியொன்றும் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும்.

ஆங்கிலத்திற் பேசத் தயங்கும் பெற்றோருக்கு உதவியாக இத்தகைய கூட்டங்கள் சிலவற்றில் நாம் அமர்ந்திருக்கின்றோம். நம்மவர் பெரும்பாலும் தலையசைத்துவிட்டு, காட்டிய இடத்திற் கையொப்பமிட்டுத் திரும்புவர். அவ்வாறு கையொப்பமான ஒரு திட்டத்தில், "மாணவர் எண்ணறிவில் முன்னேற்றம் காண்பார்" என்ற ஒற்றை வசனமே கணித இலக்காக எழுதப்பட்டிருந்தது. இது வாழ்த்துரையாகலாமேயன்றி இலக்காகாது. முன்னேறினாரா இல்லையா என்பதை ஆண்டு முடிவில் எவராலும் கூற முடியாது.

கற்றல் நோக்கங்களை எழுதும் முறை பற்றி ரொபேட் மேகர் என்னும் அமெரிக்க அறிஞர் 1962இல் வெளியிட்ட சிறுநூல் இன்றளவும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகின்றது. அவர் காட்டிய வழியைப் பின்பற்றிப் பெற்றோர் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு. பிள்ளை எதனைச் செய்து காட்டும்? எந்தச் சூழலில், எந்த உதவியுடன் செய்யும்? எத்தனை முறையில் எத்தனை முறை சரியாகச் செய்தால் போதும்? எக்காலத்துக்குள் செய்யும்? இந்நான்குக்கும் விடையுள்ள வசனமே இலக்கு எனப்படும். "பத்துக்கு உட்பட்ட ஓர் எண்ணைச் சொன்னால், வேறு உதவியின்றி, அத்தனை பொருட்களை எடுத்துத் தருவார், ஐந்து முறையில் நான்கு முறை சரியாக, முதலாம் தவணை முடிவதற்குள்" என எழுதினால் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கின்றது.

நாம் துணையாகச் சென்ற குடும்பமொன்றில் ஒன்பது வயது மகன். நூறு வரை தடையின்றி ஒப்புவிப்பான். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை அவன் பாடமாக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். தாயார் பேசாதிருந்தார். கூட்டத்துக்கு முதல் நாள் இரவு அவர் எம்மிடம் கேட்டது ஒன்றே: "நாங்கள் இல்லாத காலத்தில ஒருத்தரும் இவனை ஏமாத்தாமல் இருக்க, கணக்கில எதைப் படிப்பிக்க வேணும் மாஸ்ரர்?" எமது ஆசிரிய வாழ்வில் கணிதத்தைப் பற்றி எவரும் எம்மிடம் கேட்ட கேள்விகளுள் இதனினும் கனமானதொன்றில்லை. அக்கேள்வியையே கூட்டத்தில் மொழிபெயர்த்து வைத்தோம். ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் எண்ணிக்கை, பணம், நேரம் என மூன்று இலக்குகள் புதிதாக எழுதப்பட்டன.

முதலில் எண்ணிக்கை. நூறு வரை ஒப்புவிப்பது வேறு, எண்ணுவது வேறு. கெல்மன், கலிஸ்டல் என்னும் உளவியலறிஞர் இருவர் 1978இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலின் அடிப்படை விதிகளை வகுத்துக் காட்டினர். ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டுமே சொல்லல், எண்களின் வரிசை மாறாமை, இறுதியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என உணர்தல் ஆகியன அவற்றுட் சில. இச்சிறுவன் ஆறு தட்டுகளை எண்ணி முடித்தபின் "எத்தனை தட்டு?" என்று கேட்டால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவான். இறுதி எண்ணே தொகை என்பது அவனுக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. ஆகவே வாய்ப்பாட்டுக்கு முன்னர் இதுவே அவனது படி. பயிற்சிக்கு வீட்டு உணவு மேசையைவிடச் சிறந்த இடமில்லை. "ஐந்து பேர் சாப்பிடப் போகின்றோம், ஐந்து தட்டு எடுத்து வா" என்பது ஒரு முழுமையான கணக்கு. தட்டுக் குறைந்தால் ஒருவருக்கு உணவில்லை. பிழையை ஆசிரியர் சுட்டவேண்டியதில்லை, மேசையே சுட்டிவிடும்.

இவ்விடத்தில் நம் தாய்மொழி செய்யும் உதவியையும் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் 11, 12 ஆகியவற்றின் பெயர்களிற் பத்து மறைந்து கிடக்கின்றது. தேர்ட்டீன், தேர்ட்டி என்பன காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. தமிழிலோ பதினொன்று என்னும்போதே பத்தும் ஒன்றும் கேட்கின்றன. பதின்மூன்றும் முப்பதும் தெளிவாக வேறுபடுகின்றன. பத்துத் தீக்குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி, அருகில் மூன்று குச்சிகளை வைத்து, "பத்து, மூன்று, பதின்மூன்று" என்று சொல்லிக்கொடுத்தால் இடப்பெறுமானம் கைக்கு எட்டிவிடும். தொண்ணூறு என்ற சொல்லில் நூறு ஒலிப்பதால், அங்கு மட்டும் ஒன்பது கட்டுகளை வைத்துக் காட்டி மெதுவாகச் செல்லல் வேண்டும். தமிழ் கற்பித்தல் கணிதத்துக்கு இடையூறு என அஞ்சும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

அடுத்தது பணம். புதிதாக வந்த எமக்கும் இந்நாட்டு நாணயக் குற்றிகள் ஒரு பாடமாகவே இருந்தன. 10 சதக் குற்றியின் விட்டம் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். 5 சதக் குற்றியோ 21 மில்லிமீற்றர். சிறியது பெரிதைவிடப் பெறுமதி மிக்கது என்பதைப் பொருட்களின் பருமனைக் கொண்டு உலகை அறியும் பிள்ளை எவ்வாறு ஏற்கும்? ஆகவே குற்றிகளை விடுத்து, நிறத்தால் வேறுபடும் தாள்களிலிருந்தும் ஒரு டொலர்க் குற்றியிலிருந்தும் தொடங்குதல் எளிது. 5 டொலர் நீலம், 10 டொலர் ஊதா, 20 டொலர் பச்சை.

சதக் கணக்குத் தெரியாத பிள்ளைக்கும் கடையிற் பொருள் வாங்கக் கற்பிக்க ஒரு வழி உண்டு. விலையில் உள்ள டொலர் எண்ணுக்கு மேலும் ஒரு டொலர் கொடுக்கும் முறை அது. பாலின் விலை 3 டொலர் 40 சதம் எனின், மூன்றுக்கு அடுத்தது நான்கு. நான்கு டொலர் கொடுத்து மிச்சப் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒன்ராறியோவில் 13 சதவீத விற்பனை வரி விலைச்சீட்டிற் காட்டப்படாது, பணம் செலுத்தும் இடத்திலேயே சேர்க்கப்படுகின்றது. 1 டொலர் 99 சதம் எனக் குறித்த சொக்லேற் அங்கு 2 டொலர் 25 சதமாகிவிடும். இரண்டு டொலருடன் நிற்கும் பிள்ளை கலங்கிப் போகும். பால், பாண், வாழைப்பழம் முதலிய அடிப்படை உணவுகளுக்கு இவ்வரி இல்லை. எனவே முதற் பயிற்சி அவற்றிலேயே அமையட்டும். ஒரு சதக் குற்றியின் விநியோகம் 2013 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டபின், காசாகக் கொடுக்கும் தொகை 5 சதத்துக்குக் கிட்டியதாக மாற்றப்படுகின்றது. மிச்சக் கணக்கு ஓரளவு எளிதானமைக்கு அதுவும் ஒரு காரணம். அட்டையைத் தொட்டு வாங்கும் இக்காலத்தில் காசெதற்கு என்பாரும் உளர். அட்டையில் பணம் குறைவதைக் கண்ணாற் காண இயலாது. கையிற் காசு குறைவதைக் கண்டறிந்த பிள்ளைக்கே போதும், போதாது என்னும் கருத்துப் பிறக்கும்.

மூன்றாவது நேரம். முள் மணிக்கூட்டை வாசிக்க ஆண்டுகள் பல ஆகலாம். அதுவரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. 7:45 என எழுதிய அட்டையை இலக்க மணிக்கூட்டின் அருகே வைத்து, இரண்டும் ஒன்றானதும் சப்பாத்து அணியப் பழக்கலாம். முதலில் எது, பின்னர் எது என்ற படவரிசையும் கால அறிவே ஆகும்.

ஓராண்டின் பின் கண்டவற்றை உள்ளவாறே உரைக்கின்றோம். எண்ணிக்கை இலக்கை அச்சிறுவன் இரண்டாம் தவணைக்குள் எட்டினான். நேர இலக்கு எட்டப்படவில்லை. ஆண்டு மீளாய்வில் அதனை இரு சிறிய படிகளாகப் பிரித்து எழுதினர். பணத்தில், வரிசையில் நின்று பாலுக்குச் சரியான டொலர்களைக் கொடுத்தான். மிச்சத்தை வாங்காமல் வந்துவிடும் வழக்கம் மட்டும் நெடுநாள் நீடித்தது. கடைக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பை ஏற்றவர் வாய்ப்பாட்டை விரும்பிய அதே தந்தையார். மகன் கைநீட்டி மிச்சத்தைப் பெற்றுக்கொண்ட நாளில், அந்த 60 சதத்தை அவர் செலவிடாது ஒரு சிறு டப்பாவில் இட்டு வைத்திருக்கின்றார்.

ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. பயன்படு இலக்கு என்பது தாழ்ந்த இலக்கு அன்று. பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பையே மாற்றியமைத்துக் கற்பிப்பது ஒன்று. பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட மாற்றுத் திறன்களைக் கற்பிப்பது வேறொன்று. உங்கள் பிள்ளையின் திட்டத்தில் எழுதப்பட்டிருப்பது இவற்றுள் எது, ஏன் என்பதைக் கேட்டறியுங்கள். பாடத்திட்ட வழியில் செல்லக்கூடிய பிள்ளைக்கு அவ்வழி அடைபட்டுவிடலாகாது. ஒன்ராறியோவின் 2020ஆம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டம் முதலாம் வகுப்பிலிருந்தே பண அறிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய தனிப் பிரிவாக வைத்திருக்கின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ரொட்டியைச் சரிபாதியாக்குவதும், அரைச் சுண்டு அரிசி அளப்பதும் பின்னத்துக்கான நுழைவாயில்களே. ஒரு படியில் கால் ஊன்றியதும் அடுத்த படியை எழுதச் செய்யுங்கள்.

பெற்றோரே, கூட்டத்துக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் பிள்ளை இவ்வாண்டு முடிவில் வீட்டில் எதனைத் தனியாகச் செய்யவேண்டுமென விரும்புகின்றீர்கள் என்பதைத் தமிழிலேயே மூன்று வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க நாம் இருக்கின்றோம்; எம்மைப் போன்றோர் இப்பள்ளியில் இன்னும் சிலர் இருக்கின்றனர். இதனைத் தாழ்ந்த குரலிற் கேட்க வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் ஒரு தோழன் எண்ணி முடிக்கச் சற்று நேரம் எடுக்கலாம். அவனுக்காக விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவன் விரல் கடைசிப் பொருளைத் தொடும்வரை பொறுத்திருங்கள். அந்தச் சில வினாடிகளே அவனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவியாகும்.