சின்னச் சக்கரத்துக்கு நீண்ட சாலை

தில்லி கரோல்பாக்கை ஒட்டிய ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் எதைக் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் சரியாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்குக் கடை டயர்கள் மாலைகளாகத் தொங்குகின்றன. பல, நாட்டின் சைக்கிள் தலைநகரான லூதியானாவிலிருந்து வந்தவை. 1956-ல் ஹீரோ சைக்கிள்ஸ் துவங்கியதும் அந்த ஊரில்தான். இத்தனைக்கும் நடுவே, ஒன்பது வயதுப் பெண்ணின் சைக்கிளுக்கு வழுவழுப்பான ரோடு டயர் ஒரு ஜோடி வேண்டும் என்றால் கடைக்காரர் சற்றுத் தயங்குகிறார். குழந்தைக்கு எதற்கு அதெல்லாம் என்ற கேள்வி அவர் முகத்தில் தெரிகிறது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. குழந்தைகளுக்கென்று விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை மலைப்பாதை சைக்கிளின் குட்டி வடிவங்கள். தடித்த டயர், அதில் முட்டு முட்டாக ரப்பர் பற்கள். பார்க்க மிடுக்காக இருக்கும், சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் நன்றாகப் பிடிக்கும். தார்ச்சாலையில் அந்தப் பற்களுக்கு வேலை இல்லை. ஒவ்வொரு பல்லும் தரையில் பட்டு நெளிந்து நிமிர்கிறது. அந்த நெளிவுக்கான சக்தி ஓட்டுபவரின் காலிலிருந்துதான் போகிறது. காலனிக்குள் நாலு சுற்று சுற்றினால் இது உறைக்காது. நாங்கள் திட்டமிட்டிருந்ததோ கோவாவில் மூன்று நாள், நாளுக்கு 25, 30 கிலோமீட்டர்.

குழந்தையின் கணக்கே வேறு. என் மகளின் எடை 26 கிலோ, அவள் சைக்கிள் 11 கிலோ. 70 கிலோ எடையுள்ள ஒருவரை 30 கிலோ சைக்கிளில் ஏற்றி அனுப்புவதற்குச் சமம் இது. அதோடு சக்கரமும் சிறியது. நம் ஊர் 28 அங்குல சைக்கிளின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 445 முறை சுற்றும். அவளுடைய 20 அங்குலச் சக்கரம் 600 முறைக்கு மேல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் டயர் விழுங்கும் சக்தி கொஞ்சம்தான். 30 கிலோமீட்டருக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால், 'அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்' என்ற கேள்வி எந்த மைல்கல்லில் வரும் என்பது புரியும். குழந்தை மறுநாள் சைக்கிளைத் தொடுமா என்பதும் இதில்தான் இருக்கிறது.

சரி, எந்த டயர்? '20 அங்குலம்' என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல அளவுகள் உண்டு. 20 x 1.75 என்று போட்டிருக்கும் டயரும் 20 x 1¾ என்று போட்டிருக்கும் டயரும் கணக்குப் பாடத்தில் ஒன்று, ரிம்மில் வேறு. முதலாவது 406 மில்லிமீட்டர் ரிம்முக்கு, இரண்டாவது 419-க்கு. 20 x 1⅜ என்றால் 451. எனவே அங்குலத்தை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் 47-406 போன்ற எண்ணைத் தேடுங்கள். முன்பாதி டயரின் அகலம், பின்பாதி டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். பின்பாதி எண் பழைய டயரோடு அப்படியே பொருந்த வேண்டும். முன்பாதியில்தான் நமக்குச் சுதந்திரம். சற்று வளர்ந்த குழந்தையின் 24 அங்குல சைக்கிளுக்கும் இதே எச்சரிக்கை: 507, 520, 540 என்று அங்கேயும் பல அளவுகள்.

இருந்தது 54-406. வாங்கியது 40-406. நடுவில் தொடர்ச்சியான வழுவழுப்பு, ஓரங்களில் மெல்லிய கோடுகள். இதனால் சக்கரத்தின் விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர் குறைகிறது. கியர் 5 சதவீதம் இலகுவாகிறது. இருக்கையும் 14 மில்லிமீட்டர் இறங்குவதால் கால் தரையைத் தொடுவது எளிதாகிறது. பந்தய சைக்கிள் போல இன்னும் மெலிந்த டயருக்கு ஆசைப்படக் கூடாது. சின்னச் சக்கரம் பள்ளத்தில் எளிதில் இறங்கிவிடும், அந்த அதிர்ச்சியைத் தாங்கக் காற்று வேண்டும். பெரியவர்களின் நெடும்பயணத்துக்காகத் தடித்த பஞ்சர் தடுப்புப் பட்டையோடு வரும் கனமான டயரும் வேண்டாம். 26 கிலோ எடைக்கு அது வளைந்தே கொடுக்காது.

டியூபையும் மாற்ற வேண்டும். அகன்ற டயருக்கான டியூபை மெலிந்த டயருக்குள் திணித்தால் மடிப்பு விழுந்து அங்கேயே கிழியும். வால்வு கார் டயரில் இருப்பது போன்றதா, பழைய சைக்கிள்களில் இருக்கும் சாதாரண வகையா என்பதையும் பார்த்து, அதற்குப் பொருந்தும் கைப்பம்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காற்று அடிப்பதில்தான் பெரியவர்கள் தாராளம் காட்டிவிடுகிறார்கள். டயரில் அச்சாகியிருக்கும் 65 பிஎஸ்ஐ என்பது உச்ச வரம்பு. நிரப்பியே தீர வேண்டிய அளவு அல்ல. எடை குறைந்த குழந்தைக்கு அவ்வளவு அடித்தால் சைக்கிள் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். எங்களுக்கு முன்சக்கரத்தில் 30, பின்சக்கரத்தில் 35 போதுமாக இருந்தது.

இதற்கெல்லாம் பரீட்சை மாண்டோவி நதிக்கரையில் நடந்தது. பனாஜியிலிருந்து பழைய கோவாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர். 1630களில் போர்ச்சுகீசியர்கள் சதுப்பு நிலத்தின் குறுக்கே கட்டிய பாண்டி லின்யாரெஸ் என்ற நெடும்பாலம் வழியாகத்தான் ரிபந்தருக்குப் போகிறது பாதை. ஏற்றமே கிடையாது. இடப்பக்கம் நதி, வலப்பக்கம் உப்பளங்களும் சதுப்பும். வழுவழு டயர் தார்ச்சாலையில் எழுப்பும் மெல்லிய ரீங்காரம் முதல் முறையாகக் கேட்டது. பழைய டயரின் 'கரகர' சத்தத்துக்குப் பழகியிருந்த மகள், சைக்கிளில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை இறங்கிப் பார்த்தாள்.

பழைய கோவாவில், வாஸ்கோட காமாவின் கொள்ளுப்பேரன் வைஸ்ராயாக இருந்தபோது எழுப்பிய வளைவைத் தாண்டினால் படகுத்துறை. எதிரே திவார் தீவு. படகு என்றாலும் கார்களையே ஏற்றிச் செல்லும் தட்டையான இரும்பு மேடை அது. நனைந்த இரும்புத் தளத்திலும் பாசி படிந்த சரிவிலும் எந்த டயரும் பிடிக்காது, பல் வைத்ததானாலும் சரி, வழுவழுப்பானதானாலும் சரி. இங்கே குழந்தையை இறங்கித் தள்ளச் சொல்வதுதான் ஒரே பாதுகாப்பு. மற்றபடி, நனைந்த தார்ச்சாலையில் வழுவழு டயர் வழுக்கிவிடும் என்ற பயம் பொதுவாகத் தேவையற்றது. கார் டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதப்பதுபோல மிதக்க, சைக்கிளுக்கு அந்த வேகமே கிடையாது.

திவாரில் அவசரமே இல்லை. வயல்கள், உப்புநீரைத் தடுக்கும் வரப்புகள், மதகுகள், கொக்குகள். கொங்கண் ரயில் ஒன்று தீவின் குறுக்கே ஓடி மறைகிறது. சமவெளி முடிந்ததும் பியேதாத் கிராமத்தின் குன்று எழுகிறது. உச்சியில் மாதா கோயில், கீழே நதி, அக்கரையில் பழைய கோவாவின் கோபுரங்கள். கியர் இல்லாத குட்டி சைக்கிளுக்கு அந்த ஏற்றம் சாதாரணமல்ல. கடைசி வளைவு வரை மிதித்துவிட்டு, அங்கே இறங்கித் தள்ளினாள். நானும் அதே இடத்தில்தான் இறங்கினேன் என்பதில் அவளுக்கு ஏகத் திருப்தி.

அன்று மொத்தம் 28 கிலோமீட்டர். மறுநாள் காலை இட்லி தேடி அலைந்துகொண்டிருந்தபோது அவளே கேட்டாள், 'இன்னைக்கு எந்தப் படகு?'. சோராவ் தீவுக்குப் போனோம்.

டயரால் மட்டும் பயணம் சுகமாகிவிடாது. நவம்பர் மாத வெயில், பாட்டில் நிறையத் தண்ணீர், குழந்தையின் வேகத்துக்குப் பின்னால் வரச் சம்மதிக்கும் பெற்றோர் எல்லாம் வேண்டும். இருந்தாலும் கையில் காசு கொடுத்து மாற்றக்கூடியது டயர் ஒன்றுதான். தேய்ந்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். 20 அங்குல சைக்கிளில் ஒரு குழந்தை இரண்டு, மூன்று வருடம் ஓட்டினால் அதிகம். டயர் தேய்வதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். தெருவில் அடுத்து வளரும் குழந்தையின் சைக்கிளிலும் 406 என்று போட்டிருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.