ஓவியர் அமிருதா சேர்கில்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் கருவறையைச் சூழ்ந்து செல்லும் இருண்ட உள்வழி ஒன்று உண்டு. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவ்வழியிற் புகுந்தார். நாயக்கர் காலத்தில் தீட்டிய ஓவியங்கள் சுவரை மூடியிருந்தன. அவற்றின் காரை உதிர்ந்த இடத்தில், அடியினின்று பழைய கோடுகள் சில எட்டிப் பார்த்தன. அவை சோழர் கால ஓவியங்கள்! தொள்ளாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவற்றின் எழில் குன்றவில்லை. முதிய முனிவர் ஒருவரும் மன்னர் ஒருவரும் நிற்கும் காட்சி அவற்றுள் ஒன்று. கருவூர்த்தேவரும் இராசராசனுமே அவ்விருவர் என்பர். வளைந்து செல்லும் ஒற்றைக் கோட்டால் முனிவர் முகத்து முதுமையையும் அமைதியையும் காட்டிய கைத்திறனை என்னென்பது!

அதே ஆண்டில், பாரிசு மாநகரத்து அரசு ஓவியக் கல்லூரியில் பதினெட்டு வயது நங்கை ஒருத்தி முகம் வரையப் பயின்றுகொண்டிருந்தாள். அந்நங்கையே அமிருதா சேர்கில்.

அமிருதா 1913ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்கேரி நாட்டுப் புதாபெசுட்டு நகரிற் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் பஞ்சாபியர். வடமொழியும் பாரசீகமும் கற்ற சான்றோர். தாயார் அங்கேரி நாட்டு இசைவாணர். 1921இல் குடும்பம் சிம்லாவிற் குடியேறியது. தாய்மாமனாகிய எர்வின் பக்தாய் இந்தியக் கலைகளை ஆய்ந்தவர். தாமும் ஓவியம் பயின்றவர். மருமகளின் திறமையை உணர்ந்த அவர், 'கற்பனையில் வரையாதே; கண்முன் ஆளை இருத்தி வரை' என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார். வீட்டு ஏவலரும் சுற்றத்தாரும் அச்சிறுமியின் எதிரே அசையாது அமர்ந்தனர்.

1929இல், பதினாறு வயதில், பாரிசு சென்றார். அங்கு லூசியன் சீமோன் என்பார் அவர்க்கு ஆசிரியராயினார். அக்கல்லூரியின் பயிற்சி கடுமையானது. முதலிற் கரிக்கோல்; பின்னரே வண்ணம். எலும்பின் அமைப்பு, தசையின் திரட்சி, ஒளி விழும் பக்கம், நிழல் தங்கும் பக்கம் ஆகியவற்றை நாள்தோறும் உயிருள்ள மாந்தரைப் பார்த்துப் பழகுதல் வேண்டும். அமர்வதற்கு ஆள் வாய்க்காத போது கண்ணாடியில் தம்மையே நோக்கி வரையலாம் அன்றோ? அமிருதா தம் உருவத்தைப் பன்முறை தீட்டினார். தங்கை இந்திராவும் தோழி ஒருத்தியும் அமர, 1932இல் அவர் வரைந்த 'இளம்பெண்கள்' என்னும் படம் பொற்பதக்கம் பெற்றது. மறு ஆண்டில் பாரிசுப் பெருங்கண்காட்சிக் கழகத்தில் அவர்க்கு உறுப்பினர் தகுதியும் தந்தது.

இருபது வயதில் இத்துணைப் புகழ் பெற்றவர் அங்கேயே தங்கியிருப்பின் வாழ்வு எளிதாயிருக்கும். அமிருதாவோ 1934ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா மீண்டார். நாற்றங்காலிற் செழித்த பயிராயினும் பிடுங்கி வேறு வயலில் நட்டபின் சின்னாள் வாடியே வேர் கொள்ளும். காவிரிக்கரை மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவர்க்கும் அவ்வாறே நேர்ந்தது. பாரிசிற் கற்ற ஒளியும் நிழலும் இந்நாட்டு மக்களின் மாநிற மேனிக்கும் வெயிலுக்கும் பொருந்தவில்லை. 1935இல் 'மூன்று பெண்கள்' என்னும் படத்தை வரைந்தார். ஒருவரையொருவர் நோக்காது, வாய்திறவாது, வருவதை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் மூவர் அதில் உளர். பதக்கம் பெற்ற திறமையைத் தாமே ஒதுக்குவதற்குத் துணிவு வேண்டும். அவ்வாண்டு சிம்லாவின் கலைக்கழகம் அவர் படங்களுட் சிலவற்றை ஒதுக்கி, வேறொன்றிற்குப் பரிசளித்தது. அவர் அப்பரிசைத் திருப்பி அனுப்பினார். சினமும் சற்று மிகுதிதான்!

1936ஆம் ஆண்டின் இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அசந்தாக் குகைகளைக் கண்டார். கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன்னே அமர்ந்து அவற்றைப் படியெடுத்தார். தஞ்சைச் சோழ ஓவியங்களுக்கு மூதாதை முறையாகும் அசந்தாவின் ஓவியங்கள் பாரிசு கற்பிக்காத பாடத்தைக் கற்பித்தன. நிழலின்றியே கோட்டால் உருவைத் திரட்டலாம். பலரை ஒரே ஒழுங்கில் நிறுத்தலாம். சிவப்பு மண்ணும் வெண்சுண்ணமும் பேசுமாறு செய்யலாம். சிம்லா திரும்பி, 1937இல் 'மணமகளின் ஒப்பனை', 'பிரமசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்னும் மூன்று படங்களை வரைந்தார். மாணவர் ஓவிய நூல்களில் இவற்றைத் தேடிக் காண்க. மேலாடையற்ற பிரமசாரிகளின் வெண்ணிற வேட்டிகளுள் ஒன்றன் வெண்மை மற்றொன்றன் வெண்மையன்று.

போற்றியோர் இருந்தனர், விலை கொடுத்து வாங்கினோர் அரியர். 1938இல் மருத்துவரும் உறவினருமான விக்டர் எகானை மணந்து, மறு ஆண்டு கோரக்பூரை அடுத்த சராயா என்னும் ஊரில் வாழ்ந்தார். 1941இல் இருவரும் இலாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்குக் கண்காட்சிக்கு நாள் குறித்திருந்த வேளையில் திடீரென நோயுற்று, திசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்தெட்டு. அவர் படங்களுட் பெரும்பகுதி இன்று புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. இறுதியாகத் தொடங்கிய படத்தில், இலாகூர் வீட்டு மாடியினின்று கண்ட காட்சியும் எருமைகளும் முற்றுப்பெறாமல் நிற்கின்றன.