ஓடக் கூடாத ஊரில் ஒரு பல்கலைக்கழகம்

வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்று கனடாவில், ஸ்காபரோவில் நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வரும். "அது யாழ்ப்பாணக் கம்பஸின்ரை கிளையெல்லோ?" யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்கும்போது குரலில் ஒரு பெருந்தன்மை இருக்கும், வவுனியாக்காரர் கேட்கும்போது ஒரு கூச்சம் இருக்கும். 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதியோடு கிளைக்கதை முடிந்துவிட்டது. இலங்கையின் 17ஆவது தேசியப் பல்கலைக்கழகமாக அது இப்போது தன் பெயரிலேயே நிற்கிறது. கிளை என்ற தகுதிகூட இல்லாத காலத்திலேயே அதை எனக்குத் தெரியும்.

நான் அங்கே படித்தவன் அல்ல. அங்கே படித்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் என் அம்மா. வைரவபுளியங்குளத்தில் எங்கள் வீட்டின் முன் இரண்டு அறைகளையும் மாணவர்களுக்கு விட்டிருந்தோம். 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி என்ற நீண்ட பெயரோடு வவுனியாவில் அது தொடங்கியது. பிரேமதாசா ஜனாதிபதியாக இருந்த காலம். உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள் நாடு முழுக்கத் தேங்கி நின்றார்கள். தெற்கில் ஓர் இளைஞர் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டு அதிக நாளாகவில்லை. மாகாணங்கள் தோறும் கல்லூரிகளைத் திறந்து, டிப்ளோமா படிக்க வைப்பது அரசாங்கம் கண்ட வழி. எங்கள் ஊருக்கு வந்தபோது அதற்கென்று ஒரு கட்டடமும் இருக்கவில்லை. பூங்கா வீதியிலும் குருமன்காட்டுப் பக்கத்திலும் வீடுகளுக்குள்ளே வகுப்பு நடந்தது. எங்கள் வீட்டுப் பெடியன்கள் விரிவுரைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இன்னொரு வீட்டுக்குத்தான் போவார்கள்.

அந்தத் திட்டத்தில் பிறந்த மற்றக் கல்லூரிகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால்தான் எங்கள் கதை விளங்கும். 1995இல் வர்த்தமானி அறிவித்தலோடு சப்ரகமுவவும் ரஜரட்டவும் பல்கலைக்கழகங்களாகிவிட்டன. வயம்ப சில வருடங்கள் ரஜரட்டவின் வளாகமாக இருந்து, 1999இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. வவுனியா 1997 ஏப்ரல் 1ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகியது. அங்கிருந்து அடுத்த படிக்கு ஏற 24 வருடங்கள். போர் நடந்ததுதானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். போர் 2009இல் முடிந்தது. மிச்சம் பன்னிரண்டு வருடத்துக்கு என்ன காரணம் சொல்வது? எங்கள் ஊரைக் காத்திருக்க வைத்தால் யாரும் பெரிதாகச் சத்தம் போடமாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வவுனியா எப்போதும் இன்னொரு இடத்துக்குப் போகிற வழியில் உள்ள ஊர்.

வளாகம் பிறந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதலாம் திகதி அது தொடங்க, மே 13ஆம் திகதி ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. ஏ9 வீதியைப் பிடித்து யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறப்பதற்காக இராணுவம் எங்கள் ஊரிலிருந்துதான் வடக்கே நகர்ந்தது. இரவில் ஷெல் சத்தத்துக்கு எங்கள் யன்னல் கண்ணாடி அதிரும். தாய்ப் பல்கலைக்கழகம் 140 கிலோமீற்றருக்கு அப்பால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில்; நடுவில் போர்முனை. யாழ்ப்பாணத்துக்கு ஒரு வேலையாகப் போவதென்றால் திருகோணமலைக்கு இறங்கிக் கப்பல் பிடிக்க வேண்டும், அல்லது கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டும். பட்டம் யாழ்ப்பாணத்தின் பெயரில், பாதை மட்டும் இல்லை. ஒரு விடைத்தாளோ கையொப்பமோ எத்தனை ஊர் சுற்றியிருக்கும் என்று யாராவது எழுதிவைத்தால் நல்ல புத்தகம் ஒன்று வரும். படிப்பித்தவர்களும் அலுவலகத்தில் இருந்தவர்களும் அதை எப்படியோ நடத்திக்கொண்டு போனார்கள். புலம்பெயர்ந்த எங்களுடைய வீரக்கதைகளில் இவர்களுக்கு இடமில்லை.

எங்கள் வீட்டில் இருந்த பெடியன்களில் ஒருவன் 1500 மீற்றர் ஓட்டக்காரன். பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் அவன் கடைசிச் சுற்றுக்கு வரும்போது பந்தலில் இருந்தவர்கள் எழும்பிவிடுவார்களாம். அப்படித்தான் அவனே சொன்னான். அந்த நாட்களில் வவுனியாவில் ஓடுவது சின்ன விஷயமில்லை. சந்திக்குச் சந்தி காவலரண். தலைதெறிக்க ஓடும் ஒரு தமிழ்ப் பெடியனைப் பார்த்தால் காவலில் நிற்பவன் முதலில் துவக்கைத்தான் நிமிர்த்துவான், காரணம் பிறகுதான் கேட்பான். பஸ் போய்க்கொண்டிருந்தால்கூட ஓடிப் பிடிக்கமாட்டோம், விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். அதனால் அவன் நகரசபை மைதானம் வரை, அடையாள அட்டை சட்டைப்பையில் தெரியும்படி மெதுவாக நடந்து போவான். உள்ளே போனபிறகுதான் ஓடுவான். விடிந்தபிறகுதான் போகலாம், வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும். ஒரு நாள் நேரம் பிந்தினால் அம்மா கேற்றடியில் நிற்பார். "ஓடினது காணும், இருந்து படி தம்பி" என்று பேசிக்கொண்டே அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை பொரிப்பார். 1998இல் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவன் பட்டப்படிப்பை முடிக்கவில்லை. இப்போது தெற்கு இலண்டனில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறான், ஓடுவதில்லை.

இந்தமுறை ஊருக்குப் போனதும் பம்பைமடுவுக்குப் போகத் தனியார் பஸ் ஒன்றில் ஏறினேன். மன்னார் வீதியில் பத்துக் கிலோமீற்றர் அளவு. குருமன்காடு, பட்டாணிச்சூர், வேப்பங்குளம், நெளுக்குளம் என்று நடத்துநர் கூவுகிற பெயர்கள் மாறவில்லை, பஸ்ஸில் போடுகிற பாட்டின் சத்தம்தான் கூடிவிட்டது. ஒருவரும் மறிக்கவில்லை. எங்கள் காலத்தில் பாஸ் இல்லாமல் இந்த ஊரில் மூச்சு விடவும் ஏலாது. ஒரு நாள் பாஸ், ஒரு கிழமைப் பாஸ், ஒரு மாதப் பாஸ் என்று ஒரு மனிதன் எத்தனை நாளுக்கு நம்பத்தக்கவன் என்பதைக் கடுதாசியில் எழுதித் தருவார்கள். வன்னியின் போர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பூந்தோட்டம் முகாமில் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் இருந்தார்கள். என்னோடு பஸ்ஸில் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் சிங்களத்தில் கதைத்தார்கள். ஒருத்தி தொலைபேசியில் வீட்டுக்கு "நான் வவுனியாவுக்கு வந்திட்டன் அம்மா" என்று சிங்களத்தில் சொன்னாள். எங்கிருந்து வருகிறாய், ஏன் வந்தாய், எத்தனை நாள் நிற்பாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

பம்பைமடு வளாகம் காட்டை வெட்டிய நிலம். பாலையும் முதிரையும் ஓரங்களில் இன்னும் நிற்கின்றன. நிர்வாகக் கட்டடம், விரிவுரை மண்டபங்கள், விடுதிகள் எல்லாவற்றுக்கும் இடையில் வெயில் தாராளமாகக் கிடக்கிறது. பல்கலைக்கழகமானபோது மூன்று பீடங்கள்: பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பவியல். பேராதனையைப் பார்த்த கண்ணுக்கு இது பெரிய பாடசாலை போலத்தான் தெரியும். ஆனால் ஒரு மாணவி தன் விரிவுரையாளரைக் கண்டு பேச ஒரு கிழமை காத்திருக்கத் தேவையில்லாத அளவு சின்னது என்று, இங்கே வேலை செய்யும் என் பழைய வகுப்புத் தோழன் சொன்னான்.

விடுதிகளைத் தாண்டி நடக்கும்போது அவன் பேச்சை நிறுத்திவிட்டான். 2009இல் சரணடைந்த பெண் போராளிகளைப் பம்பைமடுவில் வளாக விடுதிகளில்தான் வைத்திருந்தார்கள், புனர்வாழ்வு நிலையம் என்ற பெயரில். இதே வீதியில் மேலும் மேற்கே போனால் செட்டிகுளம், மெனிக் பாம் முகாம். அங்கே அப்போது லட்சக்கணக்கான சனம் முள்ளுக்கம்பிக்குள். கனடாவில் நாங்கள் படங்களில் தேடிய முகங்கள் இந்த வீதியால்தான் ஏற்றிக்கொண்டு போகப்பட்டன. இப்போது அந்த விடுதிக் கொடிகளில் துவாயும் சட்டையும் காய்கின்றன. படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டேன். "எங்கடை பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு ஆர் சொல்லுறது, எப்பிடிச் சொல்லுறது?" என்றான்.

வன்னியில் உள்ள பல்கலைக்கழகம் வன்னிப் பிள்ளைகளுக்கா என்ற கேள்வியை ஊரில் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயம், கோபம் கொஞ்சம் இடம் மாறியது. அனுமதி நாடு முழுவதற்கும் ஒரே கணக்கு: 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்ட சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. மாத்தறைப் பிள்ளை இங்கே வருகிற அதே முறையால்தான் ஒட்டுசுட்டான் பிள்ளை மொறட்டுவைக்குப் போகிறது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது யாழ்ப்பாணம் கொதித்தது. மாவட்டப் பங்கீட்டால் வன்னியில் சில வீடுகளில் முதன்முதலாக ஒரு பட்டதாரி உருவானதும் அதே காலத்தில்தான். இதை யாழ்ப்பாணத்து நண்பர்கள் மத்தியில் சொல்லி நான் வாங்கிக் கட்டியதுண்டு. கோபப்பட வேண்டியது, எங்கள் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் இல்லாமல் இருப்பதற்கு.

பின்னேரம் மைதானத்துக்குப் போனோம். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குப் பயிற்சி. ஒரு மூலையில் கரப்பந்தாட்டம், இன்னொரு மூலையில் ஒருத்தி குண்டு போட்டுப் போட்டு தானே எடுத்துவந்தாள். அஞ்சலோட்டக்காரர்கள் கோல் மாற்றிப் பழகினார்கள். கட்டளைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்து வந்தன. முல்லைத்தீவு மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி 5000 மீற்றர் ஓடுகிறாள். காலையில் ஐந்தரைக்கு மன்னார் வீதியால் ஓடிப் பழகுவதாகச் சொன்னாள். தெருவாலா என்று கேட்டேன். "ஓம் அங்கிள், வேறை எங்காலை ஓடுறது?" என்றாள். நான் ஏன் கேட்டேன் என்பது அவளுக்கு விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

எங்கள் காலத்து விளையாட்டு ஆசிரியர்கள் எதிர்வீரசிங்கத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு பயிற்சியும் தொடங்கமாட்டார்கள். 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம், ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு அதுவே முதல் தங்கம். இந்தப் பிள்ளைக்கு அவரைத் தெரியவில்லை. அவள் சொன்ன பெயர் அகிலத்திருநாயகி. முள்ளியவளையைச் சேர்ந்த அந்த அம்மா 2023இல், தன் 72 வயதில், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வாங்கினார். "எங்கடை ஊர்ப்பக்கம்தான் அங்கிள்" என்றாள். எதிர்வீரசிங்கத்தை யாழ்ப்பாணம் கொண்டாடுகிறது. வன்னிக்குத் தன் ஆள் கிடைக்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது, அதுவும் பேரப்பிள்ளை காணும் வயதில் உள்ள ஒருவர்.

பயிற்சிக்கு என்ன இல்லை என்று கேட்டேன். சப்பாத்து என்பாள், உடற்பயிற்சிக் கருவி என்பாள் என்று நினைத்தேன். "சாப்பாடு" என்றாள். அறை எடுத்துத் தானே சமைக்கிறாள். ஓடிவிட்டு வந்து குளித்து எட்டு மணி விரிவுரைக்குப் போவதற்கிடையில் உலை வைக்க ஏலாது, தேநீரும் பிஸ்கட்டும். பல வருடம் மாதம் 5000 ரூபாவாகக் கிடந்த மகாபொலப் புலமைப்பரிசில் காசு 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7500 ஆகியது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சந்தைக்குப் போய் வந்த எவருக்கும் அதன் பெறுமதி தெரியும்.

திரும்பும் வழியில் நெளுக்குளத்தில் தேநீர்க்கடையில் இருந்து கணக்குப் போட்டேன். ஒரு இருபது பிள்ளைக்கு, ஆளுக்கு நாளுக்கு இரண்டு முட்டை, கொஞ்சம் கடலை, வாழைப்பழம். ஸ்காபரோவில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன மண்டப வாடகையில் ஒரு வருடம் ஓடும். பாடசாலைகளுக்கு வளைவும் பெயர்ப்பலகையும் கட்டிக் கொடுத்துப் படம் பிடிப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். முட்டைக்குக் கீழே பெயர் எழுத ஏலாது என்பதுதான் பிரச்சினை. ஸ்காபரோவுக்குத் திரும்பிப் போய் நாலு பேரைச் சேர்க்கிறேன் என்று தோழனிடம் சொன்னேன்.

"சேர் மச்சான். ஆனா சங்கம் எண்டு ஒண்டும் பதியாதை" என்றான் அவன். "தலைவர் ஆர் எண்டு நீங்கள் அடிபட்டு முடிக்க இந்தப் பிள்ளையள் பட்டம் வாங்கிக்கொண்டு போயிடுங்கள். காசை மாதா மாதம் கடைக்காரனுக்கு அனுப்பு, நான் பில்லைப் பார்க்கிறன்."