கடைக்குட்டிக்கு ஏற்ற கடல்

அரையாண்டுத் தேர்வு முடிகிற வாரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு எழும். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கடலுக்குப் போயிட்டு வரலாம்." பெரம்பலூருக்கும் கடல் இல்லை, அரியலூருக்கும் இல்லை. கரிசலும் செம்மண்ணும் சோளக்காடும் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் கடலுக்கு ஏங்குவதில் வியப்பில்லை. போதாததற்கு, சிங்கப்பூரிலும் துபாயிலும் கனடாவிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் ஊருக்கு வருவதும் டிசம்பரில்தான். பனி கொட்டுகிற நாட்டிலிருந்து வந்து இறங்கும் பேரப்பிள்ளைக்கு நம்முடைய மார்கழியே வெயில் காலம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் ஓடும். அதைப் பார்த்ததும் பெற்றவர்களுக்குக் கடற்கரை ஞாபகம் வந்துவிடும்.

எல்லாரும் ஊரை முதலில் முடிவு செய்கிறார்கள். கோவா என்கிறார் ஒருவர், வேளாங்கண்ணி என்கிறார் இன்னொருவர். பிறகு லீவு கிடைக்கிற தேதியைப் பார்க்கிறார்கள். பிள்ளையின் வயது கணக்கிலேயே வருவதில்லை. புவியியல் பாடம் நடத்திய வாத்தியாராகவும் பேரன் பேத்திகளைத் தூக்கி வளர்த்த அப்பாயியாகவும் நான் சொல்வது இதற்கு நேர்மாறு. முதலில் மாதத்தைப் பாருங்கள். அடுத்து வீட்டுக் கடைக்குட்டியின் வயதைப் பாருங்கள். ஊர் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

நம் கிழக்குக் கடற்கரைக்கு மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை நிற்கும், சில ஆண்டுகளில் பொங்கலைத் தொட்டுவிட்டுத்தான் விலகும். வங்கக் கடலில் புயல் கருக்கொள்வதும் இந்த நாட்களில்தான். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. இரண்டும் பள்ளி விடுமுறையை ஒட்டிய நாட்கள். புயல் இல்லாத ஆண்டிலும் வாடைக் காற்று கடலைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அலை உயரும், தண்ணீர் கலங்கும், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேறும் செத்தையும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். மூன்று வயதுப் பிள்ளை அந்தத் தண்ணீரில் என்ன செய்யும்?

அதே டிசம்பரில் மேற்குக் கடல் வேறு குணத்தில் இருக்கிறது. இங்கே கரையை நோக்கி அடிக்கிற காற்று, அங்கே மலையைத் தாண்டி நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. அதனால் கேரளக் கரையிலும் கோவாவிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அலை தணிந்து, வானம் வெளுத்து இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அந்த மாதங்களில் அங்கே வந்து குவிவதற்குக் காரணம் இதுதான். ஆகவே டிசம்பர் விட்டால் வேறு லீவே கிடையாது என்கிறவர்கள் மேற்கே போகட்டும். திருச்சிக்குப் போய்விட்டால் ரயில் இருக்கிறது. ஆனால் இரவு முழுக்கப் பயணம், மறுநாள் பாதிக்குமேல் தூக்கம், திரும்பவும் இரவுப் பயணம். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்த அலைச்சல் கூடாது என்பது என் எண்ணம். பிள்ளை கோவாவையும் தரங்கம்பாடியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது மணல், தண்ணீர், பக்கத்திலேயே அவசரமில்லாத ஒரு பெரியவர்.

உள்ளூரில் இருக்கிறவர்கள் பொறுத்திருந்து தை பாதிக்கு மேல், மாசியில் போகலாம். மழை விலகியிருக்கும். பகலில் உடம்புக்கு இதமான வெயில், கடல் தண்ணீரும் 26, 27 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு. நம்மவர்கள் சுவாமியைக் கடலுக்கு எழுந்தருளச் செய்து தீர்த்தவாரி நடத்தும் மாசி மகம் இந்தக் காலத்தில்தான் வருகிறது. பள்ளிக்கு நீண்ட விடுமுறை இல்லை என்பார்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு சனி, ஞாயிறு தாராளமாகப் போதும். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம். அன்றைக்குச் சென்னை மெரினாவில் போலீசார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டி அனுப்புகிறார்கள் என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டை நல்ல யோசனை. கூட்டமில்லாத நாளிலும் நான் பிள்ளையின் மணிக்கட்டில் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுவேன்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் பிள்ளைகளை வாரணவாசிக்குக் கூட்டிப் போங்கள். அரியலூரிலிருந்து பக்கம்தான். அங்கே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நம் மண்ணிலேயே கிடைத்த கிளிஞ்சல், சங்கு வகைகள் கல்லாகி இருக்கின்றன. முறுக்குபோல் சுருண்ட ஒரு கல்லைக் காட்டி, இது அம்மோனைட், கணவாய் மீனின் தூரத்துச் சொந்தம், கடலில் நீந்தித் திரிந்தது என்று சொன்னேன். பேத்தி அந்தச் சுருளை வெளியிலிருந்து உள்நோக்கி விரலால் காற்றில் வரைந்துகொண்டே கேட்டாள்:

"அப்பாயி, இங்கதான் கடலே இல்லையே?"

"அப்ப இருந்துச்சு கண்ணு."

"அந்தத் தண்ணி எங்க போச்சு?"

"கிழக்கால போயிடுச்சு. அடுத்த வாரம் போய்ப் பாக்கலாம்."

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்தில் கடல் ஏறி வந்து பல காலம் நின்றிருந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்துப் பக்கம் போனால், புல் முளைக்காத செம்பழுப்பு மேடுகள் மழையில் அரித்து வரிவரியாக நிற்கும். அவை அந்தக் கடலின் அடித்தரை. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம், கடல் ஓரத்து மரம் அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லானது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைக் கண்டறிந்து சொன்னார். கல்லங்குறிச்சி சுண்ணாம்புக் கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நம் ஊரில் இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணம் அந்தக் கடல் உயிர்கள் விட்டுப்போன சுண்ணாம்பு. இதைச் சொல்லி வளர்த்தால், கடல் என்பது யாரோ வேறு ஊர்க்காரர்களின் சொத்து என்ற எண்ணம் பிள்ளைக்கு வராது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கல்லைப் பார்க்கலாம், பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. அடுத்து வருகிற பிள்ளைக்கும் அது வேண்டும்.

இப்போது ஊருக்கு வருவோம். கைக்குழந்தையும் மூன்று நாலு வயதும் இருக்கிற வீட்டுக்கு நான் முதலில் சொல்வது தரங்கம்பாடி. ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரைப் பாலம், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். கொள்ளிடத்தைக் கண்டதும் வண்டியை ஓரமாக நிறுத்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். இந்த ஆறு போகிற இடத்துக்குத்தான் நாமும் போகிறோம் என்று சொன்னால் வழியெல்லாம் அதே பேச்சாக வரும். தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கோட்டைக்கு முன்னால் மணல்வெளி. பெரியவர்களுக்குக் கோட்டை, பிள்ளைகளுக்கு மணல். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1300களின் தொடக்கத்தில் கட்டியது, கடல் அரித்து முன்பகுதி போய்விட்டது. கல் கொட்டிய தடுப்புப் பக்கம் பிள்ளையை இறக்காதீர்கள், பாசி வழுக்கும். அங்கே அலை சட்டென்று எழுந்து உடைகிற கரை. ஆகவே பிள்ளைக்குக் கணுக்கால் தண்ணீர்தான் எல்லை.

தண்ணீரில் உட்கார்ந்து விளையாடியே ஆக வேண்டும் என்றால் பாக் நீரிணைப் பக்கம் போக வேண்டும். இலங்கை குறுக்கே இருப்பதால் வங்கக் கடலின் பெரிய அலை உள்ளே வருவதில்லை. ஆழமும் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள். ராமேஸ்வரத்தில் இதைப் பெண் கடல் என்றும், தனுஷ்கோடிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரை இந்தப் பெண் கடல் ஓரம்தான். தொலைவு அதிகம், ஓரிரவாவது தங்க வேண்டும். வாடைக் காற்று நிற்காத நாளில் இதுவும் கலங்கும், அதனால்தான் மாசி என்கிறேன். கிட்டத்திலேயே வேண்டும் என்றால் தஞ்சாவூர் மாவட்டத்து மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். கரை சேறு, குளிக்க லாயக்கில்லை. ஆனாலும் அந்தக் கடலின் அடியில் புல் வளர்கிறது, அதை மேய ஆவுளியா வருகிறது. கடல்பசுவுக்குப் பாக் நீரிணை மீனவர்கள் வைத்த பெயர் அது. 2022இல் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கடலுக்குள்ளே புல் மேயும் மாடு இருக்கிறது என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை ஆயிரம் கேள்வி கேட்கும்.

கழிப்பறை, குளியலறை, உயிர்காப்பாளர் எல்லாம் வேண்டும் என்று மருமகள் கேட்டால் அது நியாயமான கேள்வி. புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கும் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் நீலக்கொடிச் சான்று 2021இல் கிடைத்தது. தண்ணீர்ச் சுத்தம், காவல், வசதி எல்லாம் பார்த்துத் தருவது அது. வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் இருந்தால் போங்கள், மாதாவைக் கும்பிட்டு வாருங்கள். கூட்ட நாளில் அந்தக் கடலில் பிள்ளையை இறக்க வேண்டாம்.

கடலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. அந்த வேலைக்கு ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். "எல்லாரும்தான் பாத்துக்கிட்டிருந்தோம்" என்று சொல்கிற வீட்டில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். முறை போட்டுக்கொள்ளுங்கள். முறையில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, சத்தமில்லாமல் போய்விடும். பிள்ளையின் விரலைப் பிடிக்காதீர்கள், ஈர விரல் நழுவும். மணிக்கட்டைப் பிடியுங்கள். நீலச் சட்டை போடாமல் ஆரஞ்சு, மஞ்சள் என்று தண்ணீரில் பளிச்சென்று தெரிகிற நிறம் போடுங்கள். கரையில் அடித்த தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து வேகமாக உள்ளே திரும்பும். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் அதுதான். பிள்ளைக்கு நல்ல இடம் என்று நினைத்து அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் உண்டு. மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வானம் தெளிந்திருப்பதை நம்பாதீர்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை வரும் என்று முன்னமே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற கடல்சார் தகவல் மையம் இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் நாள் காலையில் செய்தி பாருங்கள்.

2004 டிசம்பர் 26, அதுவும் விடுமுறை ஞாயிறு. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே நாள் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துக்கொண்டு வித்தியாசமாக நடப்பதைக் கண்டு, இரண்டு வாரம் முன்பு வகுப்பில் நடத்திய சுனாமிப் பாடம் நினைவுக்கு வந்து, பெற்றோரைக் கிளப்பி, அந்தக் கரையில் இருந்தவர்களைக் காப்பாற்றினாள். ஆறு வயது தாண்டிய பிள்ளைக்கு இதைக் கதையாகச் சொல்லலாம். பயமுறுத்துவதற்காக அல்ல. கடல் திடீரென்று உள்வாங்கினால் கிளிஞ்சல் பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலை ஆறரைக்கு மணலில் இருங்கள், ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்புங்கள். மறுபடி மாலை நாலரைக்கு. நடுப்பகல் சோறும் தூக்கமும். ஒரே நாளில் பூம்புகார், காரைக்கால், நாகூர் என்று சுற்றிக் காட்ட ஆசைப்படாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஆசை அதிகம், அவர்கள் லீவு குறைவு என்பதால் எனக்கு அது புரிகிறது. வண்டியிலேயே கழிகிற நாளில் பிள்ளை அழும், அழுகிற பிள்ளையால் பெரியவர்களுக்குள் சண்டை வரும்.

முதல் தடவை கடலைப் பார்க்கிற பிள்ளை பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் அதற்குப் புதிது. அப்போது அதைத் தூக்கிக்கொண்டு போய் அலையில் முக்கி, அழுகிற முகத்தைப் படம் பிடிக்கிற அப்பாக்களை எல்லாக் கடற்கரையிலும் பார்க்கிறேன். அறிமுகம் இல்லாவிட்டாலும் போய்ச் சொல்லிவிடுவேன். "தம்பி, புள்ளைய கீழ எறக்கி விடு. மணல்ல உக்காரட்டும். அதுக்கா தோணுறப்ப தண்ணிக்கு வரும்." சிலர் முறைப்பார்கள். பெரும்பாலானவர்கள் இறக்கிவிடுகிறார்கள்.