கேபிளுக்கு மூணாவது கணக்கு

2004 டிசம்பர் 26. சுனாமி அடித்து அந்தமானில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தின் ஹாம் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. உலகத்து அமெச்சூர்களோடு அரட்டை அடிக்கத்தான் அவர் குழு அந்த மாதம் அங்கே போயிருந்தது. பொழுதுபோக்கு ஒரே காலையில் உயிர் காக்கும் வேலையாகிவிட்டது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை!

7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோல் என்பது சுமார் 20 மீட்டர் கம்பி. நடுவில் வெட்டி, கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியை ஒரு பாதியிலும் செம்புப் பின்னலை மறு பாதியிலும் மாட்ட வேண்டும். (பின்னல் என்றதும் பனியன் கம்பெனிக்குப் போய்விடாதீர்கள்.) நடுக்கம்பியில் போகும் கரண்டும் பின்னலின் உள்பக்கம் திரும்பும் கரண்டும் சமம், எதிர்த்திசை. காமர்ஸ் பாஷையில் டெபிட்டும் கிரெடிட்டும் டேலி.

வில்லங்கம் என்னவென்றால், இந்த அதிர்வெண்ணில் மின்சாரம் செம்பின் தோலில் மட்டுமே ஓடும், சுமார் 0.025 மில்லிமீட்டர் ஆழம். ஆக, ஒரே பின்னலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு தனிக் கம்பிகள். ஆன்டெனா முனையில் ஒரு பங்கு கரண்ட் வெளிப்பக்கம் தாவி வீட்டுக்கே இறங்கிவிடும். லெட்ஜரில் எழுதாத மூணாவது கணக்கு. மைக் உதட்டில் பட்டால் சுரீர், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் இவர் குரல்.

திருப்பூர் மாதிரி ஊரில் இதன் தலைகீழ்தான் பெரிய தொல்லை. நிட்டிங் மெஷின் மோட்டார்களை ஓட்டும் இன்வெர்ட்டர் டிரைவ்கள், எல்இடி விளக்குகள், சார்ஜர்கள் எல்லாம் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகின்றன. அந்த இரைச்சல் ஒயரிங், எர்த் வழியே கேபிளின் வெளித்தோலைப் பிடித்து ஏறி, ஆன்டெனா முனையில் உள்ளே புகுந்து ரிசீவருக்கு வந்து சேரும். தூரத்தில் உதவி கேட்கும் மெலிந்த குரல் அதில் முங்கிப் போகும்.

மருந்து எளிது. கேபிளையே ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி ஆன்டெனா முனையில் வைப்பது. உள்ளே ஓடும் இரண்டு கரண்டுகளின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் வளையம் அவற்றைக் கண்டுகொள்ளாது. வெளித்தோல் கரண்ட் மட்டும் மாட்டும். 1983-ல் அமெரிக்காவின் வால்டர் மேக்ஸ்வெல், சுற்றவே சுற்றாமல், கேபிள் மேல் 50 ஃபெரைட் மணிகளைக் கோத்துக் காட்டினார். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள் வளையம் வெறும் இரும்புத்தூள், இதற்கு ஆகாது.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு வளையம் போடுவது உத்தமம். அதற்கு முன், ராத்திரி ஷிஃப்ட் ஓடும்போது மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி சொந்த வீட்டுச் சார்ஜர்தான், பாவம் பக்கத்து கம்பெனி :)